புற்றுக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகு

போன தை மாதம் எங்கள் தெருமுனைப் புற்றுக்கு டைல்ஸ் ஒட்டினார்கள்.

மணலூர்பேட்டைக்காரர்களுக்கு இதில் அதிர்ச்சியாக ஒன்றும் இருக்காது. தை 5-ஆம் தேதி ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்கு வருவார். சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஆற்றில் கூடும். அவ்வளவு பெரிய சாமி வரும்போது ஊரிலுள்ள சின்னச் சாமிகளும் கொஞ்சம் கௌரவமாக நிற்க வேண்டாமா என்று யாருக்காவது தோன்றிவிடும். அப்படித்தான் வசூல் ஆரம்பித்தது. வேப்பமரத்தடியில் ஓர் ஆள் உயரத்துக்குப் புற்று, சுற்றி மண் தரை, நாலு கல், எலுமிச்சை குத்திய ஒரு சூலம். அதுதான் கோயில். இப்போது தரை முழுக்க கிரானைட். புற்றின் இடுப்புவரை வெள்ளை டைல்ஸ். மேலே தகர ஷெட். உபயதாரர் பெயர்கள் புற்றைவிடப் பளிச்சென்று தெரிகின்றன. வேப்பமரத்தின் தூரைச் சுற்றி ஒரு விரல் நுழைய இடமில்லாமல் சிமென்ட் பூசியாகிவிட்டது.

அன்று ராத்திரி, சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் நண்பன் ஒரு வீடியோ அனுப்பினான். காளானால் செய்த செங்கற்களை அடுக்கிக் கட்டிய கோபுரம். கீழே அவன் குறிப்பு: "ஃபியூச்சர் இதுதான் மச்சி. சிட்டிக்குள்ள ஃபங்கஸ கொண்டாரணும்."

கொண்டாரணுமாம். இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தைமீது எனக்கு வந்த கோபம்.

புற்று என்றால் பாம்பு என்றே நமக்குப் பழக்கம். பாம்பு அங்கே ஒண்டுக்குடித்தனம், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போன பிறகு. கட்டியது கரையான். அது தனக்கு மட்டும் கட்டிக்கொள்ளவில்லை, உள்ளே ஒரு பயிர் வைத்திருக்கிறது. காய்ந்த இலை, புல், மரத்தூள் எல்லாவற்றையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைத் தேனடை மாதிரி அடுக்குகிறது. அந்த அடையில் டெர்மிட்டோமைசஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. மரத்தை மரமாக இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினை உடைப்பது கரையானுக்குக் கஷ்டம். பூஞ்சை உடைத்துக் கொடுக்கும். கரையான் பதிலுக்கு அதற்குத் தீனி போடும், ஈரம் காக்கும், வேற்றுப் பூஞ்சை நுழையாமல் களை எடுக்கும். அடையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் முடிச்சுகளும் பழைய அடையும் கரையானுக்குச் சாப்பாடு. இந்த ஒப்பந்தத்துக்கு ஏறக்குறைய 3 கோடி வயது என்கிறார்கள். மனிதன் ஏர் பிடித்து 10,000 வருஷத்துக்குச் சற்று மேல் ஆகிறது, அவ்வளவுதான்.

மழை இறங்கி, இடி இடித்து, மறுநாள் காலையில் புற்றடியில் முட்டிக்கொண்டு வருமே புத்துக் காளான், அது இந்தப் பயிரின் பூ. தண்டைப் பிடித்துத் தோண்டினால் வால் மாதிரி நீண்டு அடைவரைக்கும் போகும். ஆயா என்னைக் கூடையோடு அனுப்பும்போது ஒரு சட்டம் போடும்: "எல்லாத்தையும் புடுங்காத. ஒன்னு ரெண்ட வுட்டுட்டு வா." சிப்பிக் காளானையும் பால் காளானையும் வைக்கோலில் வளர்க்க நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்துவிட்டது. புத்துக் காளானை இன்னும் யாராலும் கொட்டகையில் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர முடியவில்லை. அதற்குக் கரையான் வேண்டும். கரையானுக்குச் சுற்றிலும் திறந்த மண் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் நாம் பார்க்கும், மடிப்பு மடிப்பாக எழும் புற்றுகளைப் பெரும்பாலும் கட்டுவது ஒடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் என்ற கரையான். 2015-ல் ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, மகாதேவன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கரையானின் புற்றுகளுக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று அளந்து எழுதினார்கள். பகலில் வெளி மடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன. அங்கே காற்று மேலே ஏறி, நடுக்குழாய் வழியே கீழே இறங்குகிறது. ராத்திரி மடிப்புகள் சீக்கிரம் குளிர்கின்றன. ஓட்டம் தலைகீழாகத் திரும்புகிறது. உள்ளே லட்சக்கணக்கான உயிர்களும் ஒரு பூஞ்சைத் தோட்டமும் விடும் கரியமில வாயு இப்படித்தான் வெளியேறுகிறது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள வெப்ப வித்தியாசமே போதும். புற்றின் சுவர் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் நுண்துளைகள் கொண்டது. வாயு அதன் வழியே கசியும்.

அந்தச் சுவரில்தான் நாங்கள் டைல்ஸ் ஒட்டினோம்.

கரையான் புற்றைப் பார்த்துக் கட்டடம் கட்டியவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்த ஈஸ்ட்கேட் சென்டர் 1996-ல் திறக்கப்பட்டது. வழக்கமான ஏசி இல்லாமல், ராத்திரிக் குளிரைக் கான்கிரீட்டில் பிடித்து வைத்துப் பகலில் விடும் கட்டடம். புற்று வேலை செய்யும் விதத்தை அவர் புரிந்துகொண்டது அவ்வளவு சரியில்லை என்று பின்னால் வந்த உயிரியலாளர்கள் சொன்னார்கள். ஆனாலும் கட்டடம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. தப்பாகப் புரிந்துகொண்டாவது புற்றைப் பார்த்தார் மனிதர். நமக்குத் தெருவுக்குத் தெரு புற்று இருக்கிறது. நாம் பார்ப்பது முட்டை வைக்க எது சரியான ஓட்டை என்பதை மட்டும்.

பக்தியைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பக்திதான் இதுவரை புற்றைக் காப்பாற்றியது. திருவாரூரில் மூலவருக்கே புற்றிடங்கொண்டார் என்று பெயர். திருவொற்றியூரில் புற்றாலான லிங்கத்துக்கு வருஷம் முழுக்கக் கவசம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் திறப்பு. அதே மொழியில்தான் ஆளைக் கொல்லும் நோய்க்கும் புற்று என்று பெயர் வைத்திருக்கிறோம். கும்பிடுவோம், பயப்படுவோம். நடுவில் இருக்கும் ஒரு காரியத்தை, அதாவது அதைச் சும்மா விடுவதை, மறந்துவிட்டோம். மண் தரையில் நின்று கும்பிட்ட வரைக்கும் சாமிக்கும் கரையானுக்கும் சண்டை இல்லை. வசதி வந்தபோது வந்தது வினை.

இப்போது நண்பனின் வீடியோவுக்கு வருகிறேன். அந்தக் கோபுரத்தின் பெயர் ஹை-ஃபை. டேவிட் பெஞ்சமினின் 'தி லிவிங்' என்ற அமைப்பு 2014 கோடையில் நியூயார்க்கில், மோமா பிஎஸ்1 முற்றத்தில் கட்டியது. சுமார் 10,000 கல். மக்காச்சோளத் தட்டையைப் பொடித்து, பூஞ்சை கலந்து, அச்சில் போட்டுச் சில நாள் விட்டால் பூஞ்சை இழைகள் தட்டையை ஒன்றோடொன்று தைத்துக் கல்லாக்கிவிடும். காட்சி முடிந்ததும் பிரித்து உரமாக்கினார்கள். 2017-ல் சோலில் மைக்கோட்ரீ என்று ஒன்று. 2019-ல் நெதர்லாந்தில் ஒரு பெவிலியன். கொச்சியிலும் 2016-17 பினாலே சமயத்தில் ஷெல் மைசீலியம் என்று ஒரு கூடாரம் எழுந்தது. பீட்டில்ஸ் 3.3, யாசின் அரெட்டியா டிசைன்ஸ் என்ற இரண்டு குழுக்கள் சேர்ந்து கட்டியது. ஒரு நிகழ்ச்சிக்காகக் கட்டுவதை நிரந்தரமாகக் கட்டி ஏன் பூமியில் குப்பையாக விட வேண்டும், முடிந்ததும் மண்ணாகப் போகட்டுமே என்பது அவர்கள் வாதம். இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். தான் அழியப்போவதை மறைக்காத கட்டடம்.

மற்றவற்றில் ஒரு விஷயத்தை வீடியோக்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போகின்றன. கல் தயாரானதும் அதைச் சூட்டில் வைத்துப் பூஞ்சையைக் கொன்றுவிடுகிறார்கள். கொல்லாவிட்டால் வளர்ந்துகொண்டே இருக்கும், கல்லையே தின்னும். ஆக, ஊருக்குள் கொண்டுவரப்படுவது பூஞ்சையின் பிணம். தப்பு என்று சொல்ல மாட்டேன், மரக் கதவும் பிணம்தான். அதை "நகரத்துக்குள் இயற்கை" என்று விற்பதில்தான் எனக்குத் தகராறு. பலத்திலும் பெரிதாக ஒன்றும் கிடையாது. நம் ஊர்ச் சுட்ட செங்கல்லுக்கு இந்தியத் தரநிர்ணயத்தில் இருக்கும் கடைசி வகுப்பே சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்க வேண்டும். காளான் கற்களில் பலவும் அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும். அதன்மேல் ஐப்பசி மழையை வேறு கொட்டிப் பாருங்கள்.

உயிருள்ள பூஞ்சைக்கு என்ன வேண்டும்? செத்த மரம், ஈரம், மூடாத மண். இந்த மூன்றையும்தான் நம் பேரூர்கள் அசிங்கம் என்று முடிவு செய்திருக்கின்றன. விழுந்த கிளை உடனே போய்விட வேண்டும். சருகு கூட்டி, தெருமுனையில் குவித்து, கொளுத்தப்பட வேண்டும். மிச்ச மண்ணுக்குப் பேவர் பிளாக். கடைசி சந்துவரை, மரத்தின் கழுத்துவரை. வேம்பும் புளியும் தங்கள் வேரை மட்டும் நம்பி நிற்கவில்லை. வேருக்குள் பூஞ்சை குடியிருக்கிறது. வேர் நுழைய முடியாத இடுக்கில் தலைமுடியைவிட மெல்லிய இழையை அனுப்பி நீரும் பாஸ்பரஸும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. தரையில் வாழும் தாவரங்களில் பெரும்பாலானவை இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பிழைக்கின்றன. 'வேரைச் சுற்றி மூச்சு விட இடம் விடுங்கள்' என்று சொன்னால் சூழலியல் கவிதை என்று சிரிக்கிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவாகப் போட்டது: மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்து எடு. சட்டப் புத்தகத்தில் இருக்கும் கவிதை அது.

மரக்கன்று நடுவதில் நமக்கு ஒரு குறையும் கிடையாது. வருஷா வருஷம் அதே குழியில் நட்டு, போட்டோ எடுக்கிறோம். மண்ணை மூடிவிட்டு மரம் நடுவது, வாயைக் கட்டிவிட்டு இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி.

இனி என் பக்கத்தில் உள்ள சிக்கல். இதை எழுதும்போது ஆயா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. மண் சுவர் நல்லது, கரையான் நல்லது, மக்கிப்போவது நல்லது என்று படித்துக் காட்டினேன்.

"நீ ஒரு மழைக்காவது கூரையில இருந்திருக்கியாடா?" என்றது.

இல்லை. நான் பிறந்தது மெத்தை வீட்டில். ஆயா கரும்புத் தோகைக் கூரையில் நாற்பது வருஷம் இருந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்கொரு தடவை தோகை மாற்றக் கடன் வாங்கியது. ஒரு தடவை தீப்பிடித்து எரிந்தது. மரப்பெட்டியில் வைத்திருந்த நிலப்பத்திரத்தைக் கரையான் அரித்துத் தின்றதால், நகல் வாங்க எத்தனை நாள் நடந்தோம் என்று இன்றைக்கும் கணக்குச் சொல்லும். புத்துக் காளானை ஒன்றிரண்டு விட்டுவிட்டுப் பறித்த அதே ஆயா, புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது பக்கத்தில் நின்று கரையான் மருந்தை ஊற்றச் சொன்னது. "நாலு லிட்டர் சேத்து ஊத்துப்பா" என்று.

இதற்குப் பதில் சொல்லாமல் மண் வீட்டைப் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை. கல்வராயன் மலைக்கு கேமராவோடு ஏறி, மலையாளி மக்களின் மண் சுவரையும் கூரையையும் படம் பிடித்து 'சஸ்டெயினபிள்' என்று தலைப்பு வைக்கிறார்கள். மலை மக்கள் கேட்பது ரோடு, ஆஸ்பத்திரி, ஒழுகாத தளம். 2024-ல் அந்த மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. நிலைமை அந்த லட்சணத்தில் இருக்கிறது. அவர்கள் குடிசையிலேயே இருந்து நம் பூமியைக் காப்பாற்ற வேண்டுமாம், நாம் ஏசியில் இருந்து அவர்களைப் பற்றி எழுதுவோமாம். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஒன்று 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். அந்த வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆயாவுக்கு முன்னால் நின்று சொல்லும் தைரியமும் இல்லை.

ஆனால் அந்தத் தளத்துக்குக் கீழே சித்திரையில் படுத்துப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் தளம் தோசைக்கல் மாதிரி சூடு விடும். ஆயா பாயைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும். காளான் பலகைக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பாரம் தாங்காது, சரி. வெப்பத்தைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன், தெர்மோகோலுக்கு மாற்றாகப் பேக்கிங் பெட்டிக்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். தளத்தின் அடிப்பக்கம், மழை படாத இடத்தில், இரண்டு அங்குலப் பலகை. பூஞ்சைக்குத் தீனி? இங்கே நெல் வைக்கோல் இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சாறு பிழிந்த சக்கை அங்கே பாய்லருக்குப் போகிறது. அதில் கொஞ்சத்தை எடுத்து, சிப்பிக் காளான் கொட்டகை போட்டிருக்கும் பெண்கள் குழுக்களிடம் கொடுத்துப் பலகை செய்து பார்க்கலாம். நியூயார்க் முற்றத்தில் மூன்று மாசம் நின்று போட்டோவுக்குப் போஸ் கொடுத்த கல், இங்கே 360 சதுர அடிக்குள் ஒரு கிழவியைத் தூங்க வைக்கட்டும். ஆர்க்கிடெக்சர் படிக்கும் நண்பனே, பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று புலம்பினாயே, எடுத்துக்கொள்.

இன்னொரு பயமும் உண்டு. பூஞ்சை என்றாலே நோய் என்பது. 2021-ல் கொரோனாவோடு கறும்பூஞ்சை வந்து கண்ணையும் உயிரையும் கொண்டுபோனதைப் பார்த்தவர்களிடம் அதை லேசாகப் பேச முடியாது. சுவரில் ஓதம் அடித்துப் பூசணம் பூத்தால் குழந்தைக்கு இளைப்பு வரும், அதுவும் நிஜம். ஆனால் அந்தப் பூசணம் எங்கே பூக்கிறது? காற்று ஓட வழியில்லாத, ஒழுகும் கான்கிரீட் அறையில். வாசலில் மண்ணைக் கொன்றோம், படுக்கையறையில் பூசணத்தை வளர்த்தோம். பூஞ்சை இல்லாத ஊர் என்று ஒன்று கிடையாது. அதற்கு எந்த இடத்தை விடுகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த வகைக் கட்டுரைகள் அங்கேதான் பொய் சொல்லும். 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையில் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையெங்கும் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியும். தெருவில் மண் விட்டிருந்தால் அந்தத் தண்ணீரை உறிஞ்சியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் புற்றும் எந்த வேம்பும் அதைத் தடுத்திருக்காது. நான் பேசுவது ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவைப் பற்றி. அந்தத் தெருவில் பேவர் பிளாக் போட்ட ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "சேறா இருந்தா உங்காயாதான் வழுக்கி வுழும் தம்பி. நடக்கறதுக்குத்தான போடறோம்?" என்றார். நியாயம்தான். நடக்கும் அகலத்துக்குப் போடுங்கள் அண்ணே, ஏன் சுவரிலிருந்து சுவர்வரைக்கும் போடுகிறீர்கள் என்றேன். "எஸ்டிமேட்டு அப்படி."

ஆக, ஊரை வடிவமைப்பது ஆர்க்கிடெக்ட் இல்லை, எஸ்டிமேட். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பில் போடும்வரை ஒவ்வொரு சதுர மீட்டரும் மூடப்படும். மண்ணை விட்டுவைத்ததற்கு யாரும் பில் போட முடியாது. பூஞ்சைக்கு ஊரில் இடம் வேண்டுமென்றால் கைவைக்க வேண்டிய தாள் அதுதான். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி. தெருவின் இரண்டு ஓரமும் ஒன்றரை அடி மண். பள்ளிக்கூடத்திலும் பேரூராட்சிப் பூங்காவிலும் சருகைக் கொளுத்தாமல் கொட்ட ஒரு குழி, விழுந்த அடிமரத்தைக் கிடந்தபடியே மக்கவிட ஒரு மூலை. கோயில் திருப்பணிக்கு வசூல் செய்தால் புற்றின் நாலு பக்கமும் பத்தடியைத் தொடாமல், மிச்சத்தில் கிரானைட் போட்டுக்கொள்ளுங்கள். உபயதாரர் பெயரைப் பெரிதாகவே போடலாம், கரையான் கோபித்துக்கொள்ளாது. இதில் எதற்கும் நெதர்லாந்திலிருந்து ஆள் வர வேண்டாம். செலவு குறையும். யாரும் இதைச் செய்யாததற்குக் காரணமும் அதுவே.

நண்பனுக்கு இதையெல்லாம் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன், பதினொரு நிமிஷம். "டேய், நீ ஃபங்கஸ் பத்திப் பேசறியா, பஞ்சாயத்து பத்திப் பேசறியா?" என்று கேட்டான்.

இந்த ஐப்பசியிலும் இடி இடித்தது. ஆயா பழக்கதோஷத்தில், "போயி புத்தாண்ட பாத்துட்டு வா" என்றது. போனேன். கிரானைட் கழுவிவிட்டது மாதிரி பளபளவென்று இருந்தது. புற்றின்மேல் புது ஈர மண் எங்கேயும் ஏறவில்லை. போன வருஷம் இதே நாளில் கூடையில் பாதி கிடைத்தது. திரும்பும்போது வேப்பமரத்துப் பக்கம் குனிந்து பார்த்தேன். தூரில் பூசிய சிமென்ட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல், அதிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மண் கோடு மரப்பட்டையில் ஏறியிருந்தது. பூசாரியும் பார்த்துவிட்டார். மருந்து அடிக்க ஆளுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.